ஒரு சொட்டு செராஸ்: திரைக்குப் பின்னால்

மெதுவாக வாங்க. சத்தம் போட்டால் பரவாயில்லை, இங்கே யாருக்கும் காது கிடையாது. மேசையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். கண்ணாடித் தகட்டின் இடது ஓரத்தில் ஒரு சருகுத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு குட்டிக் குட்டி மணிகளாக ஆடுகிறார்களே, அவர்களுக்கு அதிர்ச்சி ஆகாது. ஐயோ, யாரது முழங்கையால் இடித்தது? போச்சு! மொத்தக் கோஷ்டியும் ஒரே இழுப்பில் சுருண்டு உட்கார்ந்துவிட்டது.

பொறுங்கள், நிமிர்வார்கள். கோபம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்களிடம் மூளை இல்லை. நரம்பு இல்லை, தசை இல்லை. ஆள் மொத்தமே ஒரு செல். பெயர் வோர்ட்டிசெல்லா. மணி வடிவத் தலை, அதன் கீழே நீளமான காம்பு. அந்தக் காம்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் சுருண்டுவிடும். கால்சியம் பட்டவுடன் சுருங்கும் ஒரு புரத இழைதான் சூத்திரம். இதோ, முதல் காம்பு நீள்கிறது. மணியின் வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகள் சுழன்று நீர்ச்சுழியைக் கிளப்ப, பாக்டீரியாக்கள் வரிசையாக உள்ளே இழுபட்டுப் போகின்றன. சாப்பாட்டு நேரம் மறுபடி ஆரம்பம்.

முகவரி கேட்கிறீர்களா? செராஸ், தாமான் கன்னாட் பக்கம், வீட்டுப் பின்சந்துச் சாக்கடை, நம்மூர்ப் பேச்சில் லோங்காங்.

நம்மூரில் புதன்கிழமை இரவுச் சந்தைக்கு, அதான் பசார் மாலாமுக்கு, எங்கெங்கிருந்தோ கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், கருவாட்டு வாசமும் கரும்புச்சாறும் அதற்குத் தகுதியானவைதான். ஆனால் அந்தக் கூட்டத்தை அப்படியே தூக்கிச் சாப்பிடும் கூட்டம் காலடி லோங்காங்கில் வாரம் ஏழு நாளும் கூடுகிறது. அதன் ஒப்பனை அறைக்குள்தான் இன்று உங்களைத் திருட்டுத்தனமாக அழைத்து வந்திருக்கிறேன்.

உபகரணம் பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ வேண்டாமென்று விற்ற பள்ளிக்கூட நுண்ணோக்கி. அதுவும் கட்டுப்படியாகாது என்றால் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் உலகுக்குக் காட்டிய ஃபோல்டுஸ்கோப் போதும். தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி அது, தயாரிக்க ஒரு டாலர்கூட ஆகாத சாமான். பிறகு ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தல், கைப்பிடி காய்ந்த புல், லோங்காங் ஓரத்து மண்டித் தண்ணீர். மூடியைத் தளர்வாக வைத்துச் சில நாள் விட்டுவிட வேண்டும். முதலில் தண்ணீர் கலங்கும். அது பாக்டீரியா. அடுத்து அதைத் தின்ன, கசையிழையைச் சுழற்றிக்கொண்டு சின்னஞ்சிறுசுகள் வரும். அப்புறம் அவற்றையும் சேர்த்து விழுங்கப் பெரிய ஆட்கள். நாற்றம் வரத்தான் செய்யும். வீட்டில் பேசிச் சமாளிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நான் கரண்டியோடு குனிந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேட் ஓரமாக வந்து நின்றார்.

"என்னா தம்பி, மோதிரம் விழுந்துருச்சா?"

"இல்லக்கா. உயிர் தேடுறேன்."

"ஐயையோ, ஏடிஸா?"

டெங்கியில் அடிபட்ட ஊருக்கு வேறெந்தக் கேள்வி முதலில் வரும்? கொசு இல்லை, கொசுப் புழுவுக்கே தீனியாகும் சைஸ் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கண்ணை லென்ஸில் வைத்தார். அதன் பிறகு நான் என் நுண்ணோக்கியைத் திரும்பப் பெற வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பைத்தியத்தை உலகத்தில் ஆரம்பித்து வைத்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய சந்தேகம். கண்டுபிடிக்க மிளகைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார். 1676 ஏப்ரலில், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக அந்த மிளகுத் தண்ணீரைப் பார்த்தார். காரத்தின் ரகசியம் சிக்கவில்லை. எண்ணி மாளாத குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார், அங்கே பலரும் நம்ப மறுத்தார்கள். ரசம் வைக்கும் சாமானிலிருந்து ஓர் அறிவியல் துறையே பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

சரி, நடிகர்களைப் பார்ப்போம். வேகமாகக் குறுக்கே ஓடுகிறதே, செருப்படி மாதிரி, அது பாரமீசியம். உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கான மயிரிழைகள். உள்ளே நட்சத்திரம் போலத் தெரிவது தண்ணீர் இறைக்கும் குமிழி, சில நொடிக்கு ஒருமுறை நிரம்பி வெளியே கொட்டும். அது நின்றால் ஆள் வெடித்துச் செத்துவிடும். உட்கருவும் ஒன்றில்லை. பெரியதும் சின்னதுமாக வைத்திருக்கிறது. பெரியது அன்றாட வீட்டுச் செலவைக் கவனிக்கும், சின்னது வம்ச ஆவணத்தைப் பத்திரப்படுத்தும். இதன் சொந்தக்காரரான டெட்ராஹைமினாவில் ஏழு பாலினங்கள். ஆமாம், ஏழு. அந்த டெட்ராஹைமினாவை வைத்து வேலை செய்த ஆய்வுகள் 1989இலும் 2009இலும் நோபல் பரிசு வாங்கின. குட்டையில் கிடந்த கழுதைக்கு இரண்டு நோபல்!

அடுத்து என் செல்லம், ஸ்டென்டார். எக்காளம் ஊதுவது போல் வாயை அகல விரித்து நிற்கும். சில வகைகள் கண்ணுக்கே தெரியும் அளவு, ஒரு மில்லிமீட்டரைத் தொடும். 1900களின் தொடக்கத்தில் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் இதன் வாய் மேல் செம்பொடியைத் தூவித் தூவி வம்பிழுத்தார். முதலில் அது ஒதுங்கி வளைந்தது. தொல்லை நிற்கவில்லை. மயிரிழைகளைத் திருப்பிச் சுழற்றி ஊதித் தள்ளியது. அப்போதும் நிற்கவில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டது. கடைசியில், போடா உன் சகவாசமே வேண்டாம் என்று பிடியை விட்டு நீந்திப் போய்விட்டது. ஒரே செல் இத்தனை யோசிக்குமா என்று பிற்காலத்தவர் சந்தேகப்பட்டார்கள். வேறு இனத்தை வைத்துச் செய்து பார்த்து, சரிவரவில்லை என்று ஜென்னிங்ஸை ஓரங்கட்டிவிட்டார்கள். 2019இல் ஹார்வர்டில் சரியான இனத்தை வைத்து, பிளாஸ்டிக் மணிகளைத் தூவி மறுபடி செய்தபோது கிழவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அந்தக் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் சுதாகரன் பிரபாகரன். பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு குட்டிக் குஷி, மறைப்பானேன்.

இந்தப் பக்கம் அசையாமல் கிடப்பது ஆர்செல்லா. மேலிருந்து பார்த்தால் அசல் உளுந்து வடை, நடுவில் ஓட்டையோடு. அந்த ஓட்டு வீட்டைத் தானே சுரந்து கட்டிக்கொண்ட அமீபா அது. ஓட்டை வழியாகக் கையை நீட்டித் துழாவும். மேலே மிதக்க வேண்டுமென்றால் உள்ளே வாயுக் குமிழி உண்டாக்கிக்கொள்ளும். பக்கத்துத் தெரு டிஃப்லூஜியா இன்னும் மோசம். மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டிக் கல்வீடு கட்டுகிறது. கண் இல்லை, கை என்று நிலையாக ஒன்றில்லை, கொத்தனார் வேலை மட்டும் சுத்தம்.

"எல்லாம் ஒரே குடும்பமா தம்பி?" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல்.

இதுதான் கேள்வி! ஒரே குடும்பமே இல்லை. புலிக்கும் வாழை மரத்துக்கும் உள்ள அளவு தூரம் இந்தத் தகட்டில் ஒரு விரற்கடைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையாக நெளிகிறதே யூக்ளினா, அது ஒரு கிளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் டயாட்டம் வேறொரு கிளை. நம் பூமியின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கடலிலும் குளத்திலுமுள்ள டயாட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன. அமீபா என்பது குலப்பெயரே அல்ல. உடம்பைக் குழைத்து நகரும் அந்தப் பாணியை வெவ்வேறு குலங்கள் தனித்தனியாகப் பழகிக்கொண்டன. கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களின் கண்ணைப் பதம் பார்க்கும் அகாந்தமீபா ஒரு குலம். வெதுவெதுப்பான குளத்து நீரில், மூக்கு வழியே மூளைக்கு ஏறும் நெக்ளேரியா அதிலிருந்து வெகுதூரம் விலகிய இன்னொரு குலம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி!

ரொட்டியை உப்ப வைக்கும், கள்ளைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் ஒருசெல்தான். அது நம் பக்கத்துச் சொந்தம். காளானும் விலங்கும் ஒரே கொடியில் பிரிந்தவை. ஆகவே, அந்தத் தகட்டிலுள்ள பாரமீசியத்தை விட அக்காவுக்குத்தான் ஈஸ்ட் நெருங்கிய உறவு. இதைச் சொன்னபோது அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பண்டார் துன் ரசாக்கில் யூகேஎம் மருத்துவமனையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அதுபோன்ற பெரிய மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களில் நம் வயிற்றுக்கடுப்பு மாதிரிகளில் வேறொரு கூட்டத்தைத் தேடுகிறார்கள். ஜியார்டியாவை லென்ஸில் பார்த்தால் இரண்டு உட்கருவும் இரண்டு கண்ணாகி நம்மையே முறைத்துப் பார்க்கும். இதையும் முதலில் கண்டது நம் ஜவுளிக்காரர்தான். 1681இல் தன் சொந்தப் பேதியையே லென்ஸுக்கு அடியில் வைத்தார். அறிவியல் ஆர்வம் என்றால் அது.

இன்னொன்று பிளாஸ்டோசிஸ்டிஸ். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோரின் குடலில் குடியிருப்பது. மலாயா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுரேஷ் குமார் கோவிந்த் பல ஆண்டுகள் இதன் பின்னாலேயே அலைந்தவர். இது என்ன ஜாதி என்று நெடுநாள் யாருக்கும் புரியவில்லை. ஈஸ்ட் என்றுகூட நினைத்தார்கள். 1996இல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, கடலில் வளரும் பழுப்புப் பாசிகளின் கிளையில் போய் உட்கார்ந்தது. ஜப்பானியர் சூப்புக்குப் போடும் கொம்புவின் தூரத்துச் சித்தப்பா நம் குடலில்!

இப்போது கொஞ்சம் கீழே இறங்குவோம். கழிவறையில் தண்ணீரை இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். இண்டா வாட்டரின் கழிவுநீர் பில் வந்தால் மட்டும் முணுமுணுக்கிறோம். அதற்கு நடுவில் நடப்பதுதான் நிஜமான பின்மேடை. நம்மூரில் தாமான் கட்டினால் மூலையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் நுரை தள்ளிக்கொண்டு ஒரு தொட்டி, மேலே சுழலும் இயந்திரம், பார்த்திருப்பீர்கள். பந்தாய் டாலாமில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கழிவைத் தாங்கும் நிலையம் பூமிக்கு அடியில் இயங்க, மேலே பூங்காவில் மக்கள் மெதுவோட்டம் போகிறார்கள். அடியில் வேலை பார்ப்பது யார்? சம்பளமில்லாத இதே கோஷ்டி.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் சொன்ன முறை எளிது. கழிவுநீருக்குள் காற்றை ஊது, அடியில் தங்கும் சேற்றைக் கொட்டிவிடாமல் அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள். அந்தச் சேறு உயிருள்ள சேறு. பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று திட்டுத் திட்டாகச் சேர்ந்து அடியில் இறங்கும். திட்டில் ஒட்டாமல் திரிகிற பாக்டீரியாக்கள்தான் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். அவற்றைப் பிடித்துத் தின்பது நம் மணிக்காரர், வோர்ட்டிசெல்லாவும் அவர் பங்காளிகளும். 1960களில் கோலின் கர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த மயிரிழைக்காரர்களே இல்லாமல் ஒரு சோதனைத் தொட்டியை ஓட்டிப் பார்த்தார். வெளியே வந்த தண்ணீர் கலங்கிக் கிடந்தது. உள்ளே விட்டார், தெளிந்தது.

அதனால் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் வேதியியல் அறிக்கை வரும்வரை காத்திருப்பதில்லை. ஒரு சொட்டுச் சேற்றை நுண்ணோக்கியில் வைத்து வருகைப் பதிவு எடுப்பார்கள். கசையிழைக் குட்டிகள் மட்டும் துள்ளினால் சேறு இன்னும் பக்குவமாகவில்லை. தாராளமாக நீந்துகிறவர்கள் வந்தால் பரவாயில்லை. ஊர்கிறவர்களும் காம்புக்காரர்களும் குடியேறிவிட்டால் தொட்டி நல்ல உடம்போடு இருக்கிறது. திடீரென்று எல்லோரும் காணாமல் போனால், யாரோ எங்கோ நஞ்சைக் கொட்டிவிட்டார்கள். இத்தனை நேர்மையான தணிக்கை அதிகாரியை வேறெங்கே தேடுவது?

கரையான் கதை சொல்லாமல் விட்டால் பாவம். செராஸில் பழைய வரிசை வீடு வாங்கியவர்களுக்கு அது தெரியாமலிருக்காது, கதவுச் சட்டத்தைத் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் வரும். தின்பது கோப்டோடெர்மிஸ் என்ற இனம். ஆனால் மரத்தைச் செரிக்க அதன் வயிற்றுக்குத் தனியாகத் தெரியாது. குடலுக்குள் உடம்பெல்லாம் கசையிழை முளைத்த ராட்சத ஒருசெல்கள் வாழ்கின்றன, அவைதான் மரத்துணுக்குகளை விழுங்கி உடைக்கின்றன. தோலுரிக்கும்போது குடல் கூட்டம் மொத்தமும் கழன்றுவிடும். உடனே கூட்டாளியின் பின்புறத்தில் வாய்வைத்துப் புதுக் கூட்டத்தை வாங்கிக்கொள்ளும். முகம் சுளிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் நெருங்கிய உறவான இன்னொரு கரையானைப் பிரித்துப் பார்த்தார்கள். குடலிலுள்ள ஒருசெல்லுக்கு உள்ளேயே பாக்டீரியா குடியிருந்தது. மரத்தில் கிடைக்காத நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. வீட்டுக்குள் கரையான், கரையானுக்குள் ஒருசெல், அதற்குள் பாக்டீரியா. வீட்டுக்கடன் மட்டும் நம் பெயரில்.

எல்லாரும் இப்படிச் சிரிக்க வைப்பவர்கள் இல்லை. இந்த வட்டாரத்தில் நம் பாட்டன் பூட்டன்களை வாரிக்கொண்டு போனதும் ஓர் ஒருசெல்தான். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் பார்த்தது மலேரியாவில் சாய்ந்துகொண்டிருந்த ஊரை. அவ்வாண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமே நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தது. சதுப்பை வடித்தார், ஊரைச் சுற்றிய காட்டை வெட்டினார், காய்ச்சல் இறங்கியது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வைத்தியம் தலைகீழானது. காடு வெட்டி வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு செழித்தது. ரப்பருக்காகக் கப்பலேறி வந்த தமிழ்க் கூலிகள் அந்தப் பாடத்துக்கு உயிரால் கட்டணம் கட்டினார்கள். பிளாஸ்மோடியத்தை நான் ரசித்து எழுத மாட்டேன். இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதன் உடலுக்குள் செத்துப்போன பசுங்கணிகம் போல ஓர் எச்சம் இருக்கிறது. முன்னோர் ஒரு காலத்தில் வெயிலைச் சாப்பிட்டவர்கள். ரத்தம் குடிக்கப் பழகிய பின்னும் அந்த உறுப்பை விடமுடியவில்லை, அது இல்லாவிட்டால் சாகும்.

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. பாக்கி நிற்பது குரங்கு மலேரியா. பிளாஸ்மோடியம் நோலெசி. 1932இல் கல்கத்தாவில் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அது மனிதரையும் தொற்றும் என்று காட்டினார்கள். நுண்ணோக்கியில் அது இன்னொரு மலேரியாக் கிருமியின் வேஷத்திலேயே தெரியும். அதனால் நெடுங்காலம் பிடிபடாமல் உலவியது. பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட்டில் மரபணுச் சோதனை செய்து 2004இல் வெளியிட்டபோது, பரிசோதித்த மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேல் அதுவே. செராஸ் குன்றோரங்களில் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் நீள்வால் குரங்கின் இனம்தான் அதன் சொந்த வீடு. பயப்பட வேண்டாம், கடிக்க வேண்டிய கொசு காட்டுக் கொசு. குரங்குக்கு ரொட்டி போடாமல் இருக்க வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு.

ஒருசெல் என்றாலே பொடிசு என்று நினைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கரீபியன் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில் கண்டெடுத்து 2022இல் உலகுக்கு அறிவித்த ஒரு பாக்டீரியா ஒரு சென்டிமீட்டர் நீளம். நுண்ணோக்கி தேவையில்லை, இடுக்கியால் தூக்கலாம். அதுகூடப் போகட்டும். சபாவில் பச்சை முத்துக் கொத்தாக விற்பார்களே லாத்தோ, எலுமிச்சையும் மிளகாயும் போட்டுச் சாப்பிடும் கடல்பாசி? தண்டு, கொத்து, வேர் மாதிரித் தெரிவது எல்லாம் சேர்த்து ஒரே செல். உள்ளே தடுப்புச் சுவரே கிடையாது, ஏராளமான உட்கருக்கள் ஒரே கூடத்தில் மிதக்கின்றன.

அக்காவிடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். "ஒரு செல்லா? இம்மாம் பெருசா?" என்று வாயைப் பிளந்தவர், அடுத்த மூச்சில், "கிலோ எவ்ளோ தம்பி?" என்றார்.

கடைசியாக ஒருவர். மழை விட்ட மறுநாள், மக்கும் கட்டைமேல் மஞ்சளாக ஏதோ வழிந்த மாதிரி கிடந்தால் தள்ளி நின்று பாருங்கள். சளிப்பூஞ்சை என்பார்கள், ஆனால் பூஞ்சை இல்லை. அமீபா பக்கத்து ஆள், உள்ளங்கை அகல ஒரே செல். மெதுவாக நகரும். இதன் இனத்தைச் சேர்ந்த ஃபிசாரம் என்பதை 2000இல் ஜப்பானில் புதிர்க்கட்டத்துக்குள் விட்டார்கள், குறுக்கு வழியைக் கண்டுபிடித்தது. 2010இல் தோக்கியோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஓட்ஸ் துகள்களால் குறித்து அதன் முன் வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்ட ரயில் பாதைக்கு ஒப்பாகத் தன் குழாய் இழைகளை ஓட்டிக் காட்டியது.

இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? என் சமையலறை அலமாரிக்குள், இருட்டில், ஈரத் தாளின்மேல் எம்ஆர்டி காஜாங் தடத்தின் செராஸ் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்ஸ் துகள் வைத்திருக்கிறேன். மஞ்சள் ஆசாமியைத் தாமான் பெர்த்தாமாவில் ஏற்றிவிட்டேன். தாமான் மிடாவை அடைந்து, தாமான் கன்னாட்டுக்கும் கிளை நீட்டியாயிற்று. நடுவில் தாமான் முத்தியாராவை ஏனோ கண்டுகொள்ளவே இல்லை. அங்கே ஏறுகிறவர்கள் பொறுத்தருள்க.